சோனக தெருவுக்கு முந்தி நாங்கள் எங்கே இருந்தோம்?



கொஞ்சம் நீண்ட பதிவு. வேலை நேரத்தில் பார்ப்பவர்கள் சேமித்து வைத்து இரவு ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை தரம் 9 வகுப்பில் வரலாற்றுப் பாடம். ஒரு மகன், புத்தளத்தில் பிறந்தவன், தாய் தகப்பனோடு இங்கே வந்து மூன்று வருசம்கூட ஆகவில்லை. "சேர், நாங்க எந்த ஊர்?" என்று கேட்டான். பக்கத்தில் இருந்தவன் முந்திக்கொண்டு, "யாழ்ப்பாணம்தான்டா, தொண்ணூறில தானே போனது" என்றான். "அதுக்கு முந்தி?" "சோனக தெருவில." "அதுக்கும் முந்தி?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினெட்டு வருசமாக வரலாறு படிப்பிக்கிற எனக்கு அந்த மூன்றாவது கேள்விக்குச் சட்டென்று சொல்லப் பதில் இருக்கவில்லை. பாடப் புத்தகத்தில் அனுராதபுரம் இருக்கிறது, பொலன்னறுவை இருக்கிறது, பிரெஞ்சுப் புரட்சியும் இருக்கிறது. நாங்கள் தினமும் சைக்கிளில் தாண்டிப் போகிற இடங்கள் இல்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன். தமிழ்ச் சகோதரர்களும் வாசியுங்கள், இது உங்கள் வரலாறும்தான்.

முதலில் பெயர். 'சோனகர்' என்ற சொல் 'யவனர்' என்பதிலிருந்து வந்தது என்பார்கள். தொடக்கத்தில் கிரேக்கரையும் ரோமரையும் குறித்த சொல், பிறகு மேற்கே இருந்து கப்பலில் வந்த அரபிகளுக்கு ஒட்டிக்கொண்டது. எங்களுடைய பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ஆங்கிலத்தில் 'மூர்' என்று இருக்கும். அது போர்த்துக்கேயர் வைத்த பெயர். தங்கள் நாட்டில் மொரோக்கோப் பக்கத்து முஸ்லிம்களைக் கூப்பிட்ட பெயரையே, இங்கே வந்து தமிழ் பேசிக்கொண்டிருந்த எங்களுக்கும் வைத்துவிட்டார்கள். ஐந்நூறு வருசம் கழித்தும் பதிவாளர் அதையேதான் எழுதுகிறார்.

இனி நயினாதீவுக்குப் போவோம். குறிகட்டுவானில் படகேறி நாகபூசணி அம்மன் கோயிலுக்கோ விகாரைக்கோ எத்தனையோ பேர் போய் வருகிறோம். அம்மன் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1960களில் வாசித்து வெளியிட்டது. பொறித்தவன் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு, 12ஆம் நூற்றாண்டு. சிங்கள மன்னனின் கட்டளை, ஆனால் தமிழில் வெட்டப்பட்டிருக்கிறது. ஏனென்றால் துறைமுகத்தில் அதை வாசிக்க வேண்டியவர்களுக்குத் தெரிந்த மொழி தமிழ். (மொழிப் பிரச்சினை பற்றி மேடையில் பேசுகிறவர்கள் ஒருதரம் அந்தக் கல்லுக்கு முன்னால் போய் நின்று வரலாம்.)

அது என்ன சொல்கிறது? வெளிநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து சேர வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும். யானையும் குதிரையும் ஏற்றி வரும் கப்பல் உடைந்தால் கால் பங்கு அரசனுக்கு, முக்கால் பங்கு கப்பல்காரனுக்கு. வணிகப் பொருட்கள் ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் பாதி அரசனுக்கு, பாதி உரியவனுக்கு.

பிள்ளைகளிடம் நான் கேட்பது இதுதான்: குதிரைக் கப்பல்காரனுக்கு மட்டும் ஏன் கூடுதல் சலுகை? அரசனுக்குப் போருக்குக் குதிரை வேண்டும். எங்கள் நாட்டில் நல்ல குதிரை பிறக்காது. அந்தக் காலத்தில் குதிரை வியாபாரம் பெரும்பாலும் அரபிகளினதும் பாரசீகர்களினதும் கையில் இருந்தது. கல்லில் 'முஸ்லிம்' என்ற சொல் இல்லை, நானும் இருப்பதாகச் சொல்லவில்லை. ஆனால் 800 வருசத்துக்கு முந்திய ஊராத்துறைக் கரையில் நின்று பார்த்தால், குதிரையைக் கயிற்றில் பிடித்து இறக்குகிறவர்களில் எங்கள் முப்பாட்டன்மாரின் கூட்டாளிகள் சிலராவது இருந்திருப்பார்கள் என்று நினைப்பதில் தப்பில்லை.

அதே கடற்பாதையில் கொஞ்சம் இங்கால் வந்தால் அல்லைப்பிட்டி. பண்ணைப் பாலத்தைத் தாண்டி ஊர்காவற்றுறைக்குப் போகும்போது பஸ்ஸில் நித்திரை கொண்டபடி தாண்டும் ஊர். அங்கே மண்ணுக்குள்ளிருந்து சீனத்துச் சோங் அரச வம்சக் காலப் பீங்கான் உடைசல்கள் ஏராளமாகக் கிடைத்தன. 1970களின் கடைசியில் ஜோன் காஸ்வெல் என்ற ஆய்வாளர் அவற்றைப் பற்றி எழுதினார். 2018இல் ஷாங்ஹாய் அருங்காட்சியகத்தினர் வந்து மறுபடி தோண்டினார்கள். சீனாவிலிருந்து வந்து எங்களுடைய அல்லைப்பிட்டியைத் தேடுகிறார்கள்!

நெடுந்தீவில் பெருக்கமரம் நிற்கிறது. ஆபிரிக்காவில் வளரும் மரம். அரபு மாலுமிகள் கொண்டுவந்தது என்பது வழக்கமான கதை. மன்னாரிலும் அதே மரம், அதே கதை. மரத்தின் பொந்துக்குள் நின்று படம் எடுக்காத ஆள் இல்லை, எப்படி வந்தது என்று கேட்டவர்கள் குறைவு.

இப்போது நான் எப்போதும் கொஞ்சம் உணர்ச்சிவசப்படும் இடத்துக்கு வருகிறேன்.

1344ஆம் ஆண்டு இப்னு பதூதா மாலைத்தீவிலிருந்து புறப்பட்டு, இந்தியக் கரையில் மஃபருக்குப் போக நினைத்தார். காற்று கப்பலை இலங்கைப் பக்கம் தள்ளிவிட்டது. கப்பல்காரர்களுக்குப் பயம். இந்தக் கரை பொல்லாத ராசாவுடையது, கடற்கொள்ளைக் கப்பல்கள் வைத்திருப்பவன் என்றார்கள். பதூதா பயப்படவில்லை. தன்னைக் கரையில் இறக்கச் சொல்லி, நான் மஃபர் சுல்தானின் மைத்துனன், உங்கள் அரசரைக் காண வந்தேன் என்று சொல்லிவிட்டார். மைத்துனன் என்பது உண்மைதான், காண வந்தேன் என்பது அந்த நேரத்துச் சமாளிப்பு. நாங்களும் சோதனைச் சாவடிகளில் செய்யாததா?

அந்த ராசா யார் தெரியுமா? அரபியில் அவர் 'அய்ரி ஷகர்வதி' என்று எழுதி வைத்திருக்கிறார். எங்கள் ஆரியச் சக்கரவர்த்தி, யாழ்ப்பாண மன்னன். மன்னனுக்குப் பாரசீக மொழி விளங்கியது. மூன்று நாள் விருந்தாளியாக வைத்திருந்து முத்துக்களைக் காட்டினான். அவனுடைய கப்பல்கள், சிறிதும் பெரிதுமாக நூறளவில், மஃபர் கரைக்கு வந்ததைத் தான் கண்டதாகவும் பதூதா எழுதுகிறார். என்ன வேண்டும், கூச்சப்படாமல் கேள் என்றான் மன்னன். ஆதம் நபியின் பாதத்தைப் பார்க்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றார் இவர். உடனே பல்லக்கும் தூக்குகிற ஆட்களும் கொடுத்தான். துணைக்கு நான்கு யோகிகள், மூன்று பிராமணர், தன் ஆட்கள் பத்துப் பேர், சாப்பாட்டுச் சாமான் சுமக்கப் பதினைந்து பேர். சிவனை வணங்கும் மன்னன், ஒரு முஸ்லிம் பயணியைப் பாவா ஆதம் மலைக்கு அனுப்பப் பிராமணரைத் துணைக்குக் கொடுக்கிறான்.

இது நடந்தது நல்லூரில் அல்ல. பதூதா 'பத்தாலா' என்று எழுதும் ஊரில், அது புத்தளம் என்பதுதான் பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. மரவேலியால் மதில் கட்டிய சிறிய அழகான பட்டினம், கரை முழுக்கக் கறுவாக் கட்டைகள் கிடந்தன என்கிறார்.

புத்தளத்தில் அகதி முகாமில் வளர்ந்த எனக்கு இதை முதன்முதல் வாசித்தபோது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கிடுகுக் கொட்டிலுக்குள் அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் இருந்து படித்த அதே ஊரில்தான், 646 வருசத்துக்கு முந்தி யாழ்ப்பாண மன்னன் முஸ்லிம் ஒருவருக்குப் பல்லக்குக் கொடுத்து அனுப்பியிருக்கிறான். அன்றைக்கு இரவு வாப்பாவிடம் சொன்னேன். அவர் இரும்புக் கடை வைத்திருந்தவர், புத்தகம் வாசிக்கிறவர் அல்ல. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப புத்தளமும் எங்கட ராசாட இடம்தான் என்ன?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

சரி, மகனுடைய கேள்விக்கு வருகிறேன். சோனக தெருவுக்கு முந்தி எங்கே?

முதியவர்கள் வாய்வழியாகச் சொல்லும் வரிசை இது: உசன், சாவகச்சேரிப் பக்கம் சோனகன் புலவு, பிறகு நல்லூர், அதன் பிறகு நாவாந்துறைப் பக்கமும் சோனக தெருவும். உசன் தென்மராட்சியில், மிருசுவிலுக்குக் கிட்ட. கண்டி வீதியில் கொழும்புக்குப் போகும்போது பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். உஸ்மானோ ஹசனோதான் உசன் ஆனது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 'உசனன்' என்று சுக்கிரனுக்கும் ஒரு பெயர் உண்டு, அதை வைத்து வேறொருவர் வேறு கதை சொல்லலாம். சத்தம் ஒத்துப் போகிறது என்பதற்காக வரலாறு எழுதக் கூடாது என்று நான் பிள்ளைகளிடம் படித்துப் படித்துச் சொல்வது. ஆனால் சோனகன் புலவு என்ற காணிப் பெயர் அப்படியல்ல. அந்தப் பெயர் காரணமில்லாமல் ஒரு நிலத்துக்கு வராது.

நல்லூர்க் கதைதான் கஷ்டமானது. ஒல்லாந்தர் காலத்தில் மாதகல் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையோடும், எங்கள் வீட்டுப் பெரியவர்களின் வாயோடும் வந்த கதை. நல்லூரில் கந்தசுவாமி கோயில் அயலில் சோனகர் குடியிருந்தார்கள். போர்த்துக்கேயர் 1621இல் இடித்த கோயிலைத் திரும்பக் கட்டும் முயற்சி வந்தபோது, அவர்கள் அங்கே இருப்பது இடைஞ்சல் என்று பட்டது. போகச் சொன்னார்கள், போகவில்லை. ஒரு இரவில் கிணறுகளுக்குள் பன்றி இறைச்சியைப் போட்டுவிட்டார்கள். தண்ணீர் ஹராமாகிப் போக, காணிகளைக் கிடைத்த விலைக்கு விட்டுவிட்டு எழும்பிப் போனார்கள்.

நான் இந்தக் கதையைப் பல வருசம் வகுப்பில் சொன்னதே இல்லை. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் இருக்கும் வகுப்பு, ஏன் வம்பு என்று. இப்போது சொல்கிறேன். சொல்லும்போது கதையின் மற்றப் பாதியையும் சேர்த்தே சொல்கிறேன். நல்லூர்க் கோயிலின் மேற்குப் பக்கத்தில் சிக்கந்தர் என்ற முஸ்லிம் பெரியவர் ஒருவரின் அடக்கத்தலம் இருந்தது, முஸ்லிம்கள் அங்கே வந்து போக மேற்கு வாசலில் வழிவிடப்பட்டிருந்தது என்று நல்லூர்ப் பெரியவர்களே சொல்வார்கள். விரட்டிய கதையை வைத்திருக்கும் ஊரே, விட்டுப் போனவர்களின் பெரியவருக்கு இடம் வைத்திருந்த கதையையும் வைத்திருக்கிறது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டால் அது வரலாறு அல்ல, வழக்குப் பேச்சு.

ஆனால் கிணறு ஏன்? வீட்டை எரிக்கவில்லை, ஆளை அடிக்கவில்லை, ஏன் கிணறு? இது விளங்க வேண்டுமென்றால் எங்கள் மண்ணை விளங்க வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றும் கிடையாது. வழுக்கையாறு என்று ஒன்று இருக்கிறது, மாரியில் மட்டும் ஓடும். அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். மழைத் தண்ணீர் அதன் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி, கீழே இருக்கும் கடல் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கும். நல்ல தண்ணீர் பாரம் குறைவு, அதனால் மேலே. எங்கள் முழு வாழ்க்கையும், புகையிலை, வெங்காயம், தேத்தண்ணீர், வுழு எல்லாமே, அந்தப் பாடையை நம்பித்தான். அளவுக்கு மேல் இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறிவிடும்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணற்றுக்குப் போங்கள். அடியில்லாத கிணறு, இராமர் அம்பு விட்டு உண்டாக்கியது என்று படிப்பித்தார்கள் எங்களுக்கு. உண்மையில் அது சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீர் கரைத்து, மேற்கூரை உள்ளே விழுந்து உண்டான பள்ளம். ஆழம் 150 அடிக்கும் மேல். மேலே நல்ல தண்ணீர், ஆழப் போகப் போக உப்பு. மொத்தக் குடாநாட்டின் குறுக்குவெட்டு முகத்தை அந்த ஒரு கிணற்றில் பார்க்கலாம். போன வருசம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே எறியப்பட்டுக் கிடந்த சோடாப் போத்தல்களை எண்ணிக்கொண்டு வந்தார்கள், அது வேறு கதை.

ஆறில்லாத நாட்டில் ஒருவனுடைய கிணற்றைப் பழுதாக்கினால் போதும், அவனை அடிக்கத் தேவையில்லை, அவன் தானாக எழும்பிவிடுவான். நல்லூர்க் கதை உண்மையாக நடந்ததோ இல்லையோ, அதைச் சொன்னவர்களுக்கு இந்த மண் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

சோனக தெருவுக்கு வந்த பிறகு நடந்தவை ஓரளவுக்கு எழுத்தில் இருக்கின்றன, அதனால் நீட்டவில்லை. முகியித்தீன் புராணம் பாடிய பதுறுத்தீன் புலவர் இந்த மண்ணின் ஆள். அசனாலெப்பைப் புலவர் (1870–1918) இங்கேதான். ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம். ஏ. எம். ஏ. அஸீஸ், 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். குர்ஆன் மத்ரஸாவில் தொடங்கி, பிறகு இராமகிருஷ்ண மிஷன் நடத்திய வைத்தீஸ்வர வித்தியாலயம், பிறகு யாழ் இந்துக் கல்லூரி. இலங்கைச் சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம். கொழும்பு ஸாஹிராக் கல்லூரிக்கு 1948 முதல் 1961 வரை அதிபர். 1945இல் அவர் தொடங்கிய புலமைப்பரிசில் நிதியால் படித்தவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். மௌத்தாகிய பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1980இல் அவருக்குக் கலாநிதிப் பட்டம் கொடுத்தது. அவர் பிறந்தது எந்த வளவு என்று எங்கள் பிள்ளைகள் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள்.

1990 ஒக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை. ஒலிபெருக்கியில் அறிவித்து, சனங்களை ஜின்னா மைதானத்துக்கு வரச் சொல்லி, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். வடக்கு முழுக்க வெளியேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இதைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது, இன்னும் எழுத இருக்கிறது. நான் இன்றைக்குச் சொல்ல வந்தது ஒரு சின்ன விசயம்.

திரும்பி வந்தபோது எங்கள் வளவில் கூரை இல்லை, யன்னல் நிலை இல்லை. சுவரில் ஆலமரம். கிணறு மட்டும் இருந்தது, உள்ளே பாதிக்குக் கல்லும் தகரமும் செடியும். முதல் வேலையாக என்ன செய்தோம்? வீடு கட்டவில்லை. ஆள் பிடித்துக் கிணற்றை இறைத்துச் சேறு அள்ளினோம். மூன்று நாள் ஆனது. உம்மம்மா, அப்போது எழுபத்தைந்து வயது இருக்கும், கதிரை போட்டுக் கிணற்றடியிலேயே இருந்தா. நாலாம் நாள் ஊறிய தண்ணீரை ஒரு கோப்பையில் எடுத்துக் கொடுத்தோம். வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "முந்தி இவ்வளவு சவர் இல்ல" என்று முகத்தைச் சுழித்தா. பிறகு அதே தண்ணீரில் வுழுச் செய்து தொழுதா. அயலில் இருந்த தமிழ் அம்மா ஒருவர் இரண்டு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது அன்றைக்குப் பின்னேரம்.

இப்போது உங்களிடம் ஒரு வேலை கேட்கப் போகிறேன்.

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளைப் பார்த்திருப்பீர்கள். காணிப் பெயர், பரப்பு, குழி, நாலு எல்லை எல்லாம் எழுதிவிட்டு, கிணற்றில் பங்கு, வழி, வாய்க்கால் என்று ஒரு வரி வரும். அடுத்தவன் வளவில் இருக்கும் கிணற்றில்கூட உங்களுக்குப் பங்கு எழுதியிருக்கும். யார் யாரோடு தண்ணீர் பங்கிட்டார்கள் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி இல்லை. 90இல் பலர் உறுதியைத் தொலைத்தார்கள், சிலர் மடியில் கட்டிக்கொண்டு போனார்கள். இருப்பவர்கள் தயவுசெய்து எடுத்துப் பாருங்கள். உங்கள் காணிக்கு என்ன பெயர், எல்லைக்காரர் யார், கிணறு யாருடைய பக்கம். தென்மராட்சியிலோ நல்லூரிலோ பழைய சோனகக் காணிப் பெயர் உள்ள உறுதி வைத்திருக்கும் தமிழ்ச் சகோதரர்களும் சொல்லுங்கள். காணி பிடிக்க வரமாட்டோம், பெயர் மட்டும் போதும்! சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன். கொண்டுவந்தால் போன் கமராவில் படம் எடுத்துவிட்டு அப்போதே திருப்பித் தந்துவிடுவேன்.

கேள்வி கேட்ட மகன் நேற்றே கொண்டுவந்துவிட்டான். அப்பாவுடைய வாப்பா பெயரில் உள்ள உறுதி, பொலித்தீன் பைக்குள் நாலாக மடித்து, மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்திருக்கிறது. நொத்தாரிசின் கையெழுத்து வாசிக்க முடியாமல் இருவரும் அரை மணித்தியாலம் மினக்கெட்டோம். கிழக்கு எல்லைக்காரர் பெயர் ஒரு தமிழ்ப் பெயர். கிணறு அவருடைய பக்கம். பங்கு அரைவாசி.